முதல் வேலையில் எவ்வளவு காலம் இருப்பது? பதினோராம் மாதத்தில் ஓசூரிலிருந்து அழைப்பு

நெல்லை_மெக்கானிக்கல்:

அனைவருக்கும் வணக்கம். 2024-இல் திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இயந்திரப் பொறியியல் முடித்தேன். வளாக நேர்காணலில் தேர்வாகி, ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஜிஇடி, அதாவது பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்து 11 மாதங்கள் ஆகின்றன. மாதம் கைக்கு 19,500 ரூபாய் வருகிறது. படப்பையில் மூன்று நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். சேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் விலகினால் 1 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன். விலகுவதற்கு 60 நாள் முன்னறிவிப்பும் தர வேண்டும்.

இப்போது ஓசூரில் மின்வாகன நிறுவனம் ஒன்றிலிருந்து 28,000 ரூபாய்க்கு அழைப்பு வந்திருக்கிறது. 30 நாளில் சேர வேண்டும் என்கிறார்கள். கல்விக் கடன் தவணை அடுத்த மாதம் தொடங்குகிறது. ஓரிடத்தில் கால் ஊன்றாமல் ஓடாதே என்கிறார் அப்பா. முதல் வேலையில் ஓராண்டுக்கு மேல் இருந்தால் சம்பளம் அங்கேயே தேங்கிவிடும் என்கிறார்கள் அறை நண்பர்கள். வெளியிலிருந்து வரும் பாகங்களை அளந்து பதிவேட்டில் எழுதுவதைத் தவிர இத்தனை மாதத்தில் எதுவும் கற்கவில்லையே என்பதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. அனுபவமுள்ள அண்ணன்மாரும் அக்காமாரும் வழி சொல்ல வேண்டுகிறேன்.

காஞ்சி_தரப்பிரிவு:

தம்பி, வணக்கம். இதே தொழிலில், இதே தரப் பிரிவில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். ஓராண்டா, இரண்டாண்டா என்று மாதக் கணக்கில் மட்டும் இதைப் பார்க்காதீர்கள். நீங்கள் கையெழுத்திட்டு அனுப்பிய ஒரு பாகம் வாடிக்கையாளரிடம் போய், அதன் நல்லது கெட்டது உங்களிடமே திரும்பி வரும்வரை அந்த வேலையில் இருந்தீர்களா என்று பாருங்கள்.

என் முதல் வேலையில் நடந்ததைச் சொல்கிறேன். தண்டைத் தாங்கும் உருளை வளையமான ஒரு புஷ்ஷின் துளை அளவை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை சோதிப்பது என்று கட்டுப்பாட்டுத் திட்டத்தில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும் என்று எழுதினேன். துளையைக் குடையும் வெட்டுமுனையான போரிங் இன்செர்ட் தேயத் தேயத் துளை மெல்லச் சிறுத்துக்கொண்டே போகும் என்பதை நான் பாடத்தில் படித்திருந்தேனே தவிர, எத்தனை பாகத்துக்குப் பிறகு எவ்வளவு சிறுக்கும் என்று அந்த எந்திரத்தின் அருகில் நின்று பார்த்ததில்லை. எட்டு மாதம் கழித்து வாடிக்கையாளரின் அசெம்ப்ளி லைன் நின்றுபோனது. மூன்று இரவுகள் அவர்களுடைய கிடங்கில், துளைக்குள் விட்டு அளவு பார்க்கும் பிளக் கேஜோடு உட்கார்ந்து, 6,000 பாகங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். சரியான துளைக்குள் போக வேண்டிய கேஜின் ‘கோ’ முனை உள்ளே போகாமல் நிற்கும்போதெல்லாம் அந்தப் பாகத்தில் சிவப்புச் சாயம் தடவிப் பெட்டியில் போட்டேன். சாயம் விரல்களிலிருந்து போக ஒரு வாரம் ஆனது. புகாரைத் தீர்ப்பதை எட்டுப் படிகளில் எழுதும் 8டி அறிக்கை, ‘ஏன்’ என்று திரும்பத் திரும்பக் கேட்டு மூலக் காரணம் தேடும் ஒய்-ஒய் பகுப்பாய்வு, செய்முறையில் எது தவறலாம் என்று முன்கூட்டியே பட்டியலிடும் பிஎஃப்எம்இஏ என்று அதுவரை படிவங்களாகத் தெரிந்தவை எதற்காக இருக்கின்றன என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது. அது நான் சேர்ந்த பத்தொன்பதாம் மாதம். ஓராண்டிலேயே விலகியிருந்தால் அந்தத் தவறு என்னுடையது என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்காது, என் இடத்துக்கு வந்த வேறொரு பையன் அந்தப் பெட்டிகளின் முன்னால் உட்கார்ந்திருப்பான்.

இப்போது நானே நேர்காணல் நடத்துகிறேன். ஓரிரண்டு ஆண்டு அனுபவத்தோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, “உங்கள் பாகம் திரும்பி வந்திருக்கிறதா? வந்தபோது என்ன செய்தீர்கள்?” என்பதுதான். வரைபடம் வந்து, முன்னோட்டப் பாகம் செய்து, உற்பத்தியைத் தொடங்க வாடிக்கையாளர் தரும் பிபிஏபி ஒப்புதல் வாங்கி, முழு உற்பத்தி தொடங்கி, முதல் புகார் வந்து தீரும் வரையிலான சுற்று நம் தொழிலில், நான் பார்த்த வரையில், ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு எடுக்கிறது. அதில் பாதியையாவது கண்ணால் பார்த்தவர் பேசும் விதமே வேறாக இருக்கும்.

ஆகவே விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன், உள்வரும் பாகங்களின் சோதனையிலிருந்து வாடிக்கையாளர் தரப் பிரிவுக்கோ புதிய பாக உருவாக்கப் பிரிவுக்கோ மாற்றித் தரும்படி உங்கள் மேலாளரிடம் நேரில் கேளுங்கள். பயிற்சி முடிந்து பணி உறுதி செய்யும் நேரத்தில் இப்படிக் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்டு ஆறு மாதம் ஆகியும் அதே பதிவேடுதான் உங்கள் மேசையில் இருக்கும் என்றால், நீங்கள் தாராளமாகக் கிளம்பலாம்.

மனிதவளம்_கோவை:

அண்ணன் சொன்னது தொழிலைப் பற்றியது. நான் காகிதங்களைப் பற்றிச் சொல்கிறேன், தம்பி. நீங்கள் சொல்லும் 28,000 ரூபாய் கைக்கு வருவதா, அல்லது நிறுவனம் உங்களுக்காக ஆகும் மொத்தச் செலவாகக் காட்டும் சிடிசியா என்று முதலில் பாருங்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 14,000 என்றால், வைப்பு நிதிக்கு நிறுவனத்தின் பங்கு 1,680, உங்கள் பங்கு 1,680, பணிக்கொடை ஒதுக்கீடு ஏறத்தாழ 673 என்று கழிந்துவிடும். செயல்திறன் ஊதியம் என்று ஒரு தொகை காலாண்டுக்கு ஒருமுறை தருவதாக இருந்தால் அதுவும் மாதக் கணக்கில் வராது. நீங்கள் நினைக்கும் 8,500 ரூபாய் வித்தியாசம் 2,000 ரூபாயாகச் சுருங்கக்கூடும். ஓசூர் வாடகையையும் அதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஒப்பந்தத்தைப் பற்றி இரு விதமான தவறான பேச்சு உண்டு: அது வெறும் மிரட்டல் என்பது ஒன்று, எழுதிய தொகையை அப்படியே கட்டித்தான் தீர வேண்டும் என்பது இன்னொன்று. விலகிய பிறகு வேறெங்கும் வேலை செய்யக் கூடாது என்று தடுக்கும் நிபந்தனை 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால், குறிப்பிட்ட காலம் வேலையில் இருக்க வேண்டும், இடையில் விலகினால் ஈடு தர வேண்டும் என்பது அந்தத் தடைக்குள் வராது. விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனையைச் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. அது பொதுத்துறை வங்கி. தேர்வு நடத்தி ஆள் எடுக்கும் செலவு அங்கே கணக்கில் கொள்ளப்பட்டது. தனியார் நிறுவனமாக இருந்தாலும், 74-ஆம் பிரிவின்படி எழுதிய தொகை உச்சவரம்புதான்; அதற்குள் நியாயமான ஈடு எவ்வளவோ அதைத்தான் கேட்க முடியும். உங்களுக்கு என்ன பயிற்சி தந்தார்கள், அதற்கு என்ன செலவானது என்பது இங்கே முக்கியம்.

எப்போது விலகினாலும் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் வராதீர்கள். அது இல்லாமல் அடுத்த நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பில் நின்றுபோன பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். வைப்பு நிதியை எடுத்துச் செலவழிக்காமல், வேலை மாறினாலும் மாறாத அதே யூஏஎன் எண்ணில் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டுத் தொடர் பணிக்கு முன் எடுத்தால் வரி உண்டு, மாற்றினால் பழைய காலமும் அந்த ஐந்தில் சேரும். பணிக்கொடைக்காகக் காத்திருப்பதைப் பற்றி முதல் வேலையில் இருக்கும் நீங்கள் இப்போது எண்ண வேண்டியதில்லை.

வல்லம்_ஷிஃப்ட்:

நான் என் முதல் வேலையிலிருந்து ஐந்தாம் மாதமே விலகினேன், அதற்காக இன்றுவரை வருந்தவில்லை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். சம்பளச் சீட்டில் வைப்பு நிதிப் பிடித்தம் இருந்தது. ஆனால் பாஸ்புக்கைத் திறந்து பார்த்தபோது ஒரு மாதத் தொகைகூட வரவு வைக்கப்படவில்லை. பிரஸ் எந்திரத்தில் கைக்காப்பு சென்சாரை அணைத்துவிட்டு ஓட்டச் சொன்னார்கள். அத்தகைய இடத்தில் சுற்று முடியட்டும் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. உங்கள் இடம் அப்படிப்பட்டதல்ல என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. இருந்தாலும் இன்றே பாஸ்புக்கை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நெல்லை_மெக்கானிக்கல்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாஸ்புக்கைப் பார்த்தேன், எல்லா மாதமும் வரவு சரியாக இருக்கிறது. ஓசூர்க் கடிதத்தில் இருப்பது சிடிசிதான். அக்கா சொன்னபடி கணக்கிட்டால் கைக்கு 21,500-ஐ ஒட்டியே வருகிறது. முன்னறிவிப்பு முடியும்வரை 60 நாள் காத்திருக்க முடியுமா என்று கேட்டதற்கு முடியாது என்று எழுதிவிட்டார்கள், ஆகவே அதை விட்டுவிட்டேன். அப்பாவிடம் சொன்னேன், முதல் மூன்று தவணைகளைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

மேலாளரிடம் நேற்று மாலை பேசினேன். இதை ஏன் முன்பே கேட்கவில்லை என்று அவர் கேட்டது எனக்கு வியப்பாக இருந்தது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து வாடிக்கையாளர் தரப் பிரிவில் இருக்கச் சொல்லியிருக்கிறார். மூன்று மாதமாக முடியாமல் கிடக்கும் ஒரு துளை அளவுப் புகாரின் கோப்பையும் கையில் கொடுத்திருக்கிறார். காஞ்சி அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும்: அந்த இன்செர்ட் எத்தனை பாகத்துக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது என்பதை எந்திரத்தை ஓட்டுபவரிடம் கேட்டுத் தொடங்குவதா, அல்லது பழைய அளவுப் பதிவேட்டிலிருந்து தொடங்குவதா?

காஞ்சி_தரப்பிரிவு:

ஓட்டுபவரிடமிருந்து தொடங்குங்கள், தம்பி. இரவு ஷிஃப்டில் போய்க் கேளுங்கள். ஒரு முழு இன்செர்ட் தேயும்வரை பக்கத்திலேயே நின்று, ஐம்பது பாகத்துக்கு ஒன்று எடுத்து நீங்களே அளந்து எழுதுங்கள். பதிவேட்டை அதன் பிறகு திறந்தால், எந்த வரியை நம்பலாம் என்று உங்களுக்கே தெரியும்.