மறு: 'தொண்டைக் காசம்' சரியாக வருமா?

அன்புள்ள ஐயா,

குரல்வளையில் வரும் காசநோய்க்கு (laryngeal tuberculosis) நம் சொற்பட்டியலில் வைக்க நீங்கள் சொன்ன 'தொண்டைக் காசம்' வாய்க்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு ஒப்புதல் இல்லை. தொண்டை என்றதும் சளி, டான்சில், விழுங்கும்போது வலி எல்லாம் அதற்குள் வந்துவிடும். இந்த நோய் பிடிப்பது குரல் பிறக்கும் இடத்தை. பெரும்பாலும் நுரையீரலில் இருக்கும் கிருமி சளியோடு ஏறிவந்து குரல்வளையில் தங்குகிறது. குரல் நாண்கள் தடித்துப் புண்ணாகின்றன. ஒன்றோடொன்று சரியாகச் சேர்ந்து அதிர முடிவதில்லை. குரல் கம்முகிறது. வீட்டில் மிளகுப்பால் காய்ச்சிக் கொடுத்தபடியே வாரங்கள் ஓடிவிடும். பெயரிலேயே குரல் இருந்தால் அந்தத் தாமதம் கொஞ்சமாவது குறையும். அதனால் 'குரல்வளைக் காசநோய்' என்பதே என் பரிந்துரை.

இன்னொரு நண்பர் 'மிடற்றுக் காசம்' என்றார். எழுத்தொலி பிறக்கும் இடங்களில் ஒன்றாகத் தொல்காப்பியம் மிடற்றைச் சொல்வது உண்மைதான். ஆனால் இன்று மிடறு என்றால் ஒரு மிடறு தண்ணீர். நோயாளியை அகராதி தேட வைக்க வேண்டாம்.

அப்புறம், அறிகுறிகளுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். 1924 ஜூனில் வியன்னாவை அடுத்த கீர்லிங்கில் எழுத்தாளர் காஃப்கா இந்த நோயால்தான் இறந்தார். கடைசி வாரங்களில் சீட்டில் எழுதிக்காட்டியே பேசினார். குரல்வளைக்கு ஓய்வு கொடுக்கப் பேசவேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். அதை 'குரலிழப்பு' என்று எழுதினால் பிழை, அது 'குரலோய்வு'. கரகரப்புக்கு, மக்கள் சொல்லும் 'கம்மல்' போதும்.

---

அன்புள்ள தம்பி,

சரி, குரல்வளையே இருக்கட்டும். நான் தொண்டையைப் பிடித்துக்கொண்டது நோயாளிக்குப் புரியவேண்டும் என்றுதான். குரல்வளையும் அவர்களுக்குப் புரிகிற சொல்லே. சொற்பட்டியலில் விளக்கமாக இதையும் சேருங்கள்: உள்நோக்கிக் கருவியில் பார்த்தால் இது புற்றுநோய் போலவே தெரியும், சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகும். இருமலிலும் பேச்சிலும் எளிதில் பிறருக்குத் தொற்றும்.

காசநோய்க்கான வழக்கமான 6 மாத மருந்துதான் இதற்கும். தொடங்கிச் சில வாரங்களிலேயே பலருக்குக் குரல் தெளியும். ஆனால் புண் ஆறிய இடத்தில் தழும்பு கட்டி நாண் விறைத்துவிட்டால், கிருமி போனபிறகும் கம்மல் நிற்கும். நோய் இருக்கும்போது வரும் கம்மலும் இதுவும் ஒன்றல்ல. ஒரே சொல்லால் குறித்தால், குணமானவரும் நோய் தீரவில்லை என்று பயப்படுவார். 'தழும்புக் கம்மல்' என்று தனியாக வைக்கலாமா?