மன்னித்துவிட்டேன். அதற்காக அதே வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டுமா?

முள்வேலிப்பூ:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நான் தூத்துக்குடி மாவட்டம். பதினோரு வருடம் அடி வாங்கிக் குடும்பம் நடத்தினேன். குடித்த நாளில் பெல்ட், குடிக்காத நாளில் வாய். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி மகள் மேலும் கை விழுந்தது. விடிந்ததும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போன வாரம் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் சாட்சி சொல்லக் கேட்டார்கள், அதாவது தேவன் என் வாழ்க்கையில் செய்ததை எல்லோர் முன்னும் சொல்ல. சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன், சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. அப்புறம் சங்கத்தில் மூத்த அம்மா ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "புருஷனோடு சேர்ந்த பிறகு சொன்னால்தான் அது முழுச் சாட்சி. மன்னிக்காத இருதயத்தைத் தேவன் குணமாக்க மாட்டார்" என்றார். அவர் எனக்காக உபவாசம் இருந்து ஜெபித்தவர். அதனால்தான் அதிகமாக வலிக்கிறது.

என் வீட்டுக்காரரை நான் மன்னித்துவிட்டேன். பெயர் சொல்லி ஜெபிக்கிறேன். அவர் குடியை விட வேண்டும், நன்றாக இருக்க வேண்டும். ஆனால் அந்த வீட்டுக்குப் போக மாட்டேன். வேதத்தில், தன்னைக் கொல்லத் துரத்திய சவுல் ராஜாவைக் கொல்ல இரண்டு தடவை வாய்ப்பிருந்தும் தாவீது தொடவில்லை. சவுல், "நான் பாவம் செய்தேன், திரும்பி வா" என்று கூப்பிட்டான். தாவீது போனானா? தன் கையில் இருந்த சவுலின் ஈட்டியைக்கூட அவன் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. வாலிபரில் ஒருவன் இந்தப் பக்கம் வந்து வாங்கிக்கொண்டு போகட்டும் என்றான். 1 சாமுவேல் 26-ஆம் அதிகாரம். தாவீது மன்னிக்கவில்லை என்று யாராவது சொல்வோமா?

பனையடி:
சகோதரிக்கு ஸ்தோத்திரம். படித்து மனம் கலங்கிவிட்டது. ஆனாலும் நான் நினைப்பதைச் சொல்லியாக வேண்டும். எனக்கு 67 வயது. முப்பது வருடம் சபைக் கமிட்டியில் இருந்தவன்.

என் அப்பாவும் குடிகாரர். அம்மா பத்தொன்பது வருடம் பொறுத்தாள். ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் அப்பா மனந்திரும்பினார். அதற்கப்புறம் ஒரு சொட்டுத் தொடவில்லை. அம்மா படுக்கையில் கிடந்த கடைசி இரண்டு வருடம் அவர்தான் கஞ்சி காய்ச்சி ஊட்டினார். அம்மா அன்று புறப்பட்டுப் போயிருந்தால் எனக்கு அந்த அப்பா கிடைத்திருக்க மாட்டார். மனைவியை விலக்குவதைப் பற்றிக் கர்த்தர் 'தள்ளிவிடுதலை வெறுக்கிறேன்' என்று வேதத்தில் மல்கியா புத்தகத்தில் சொல்லியிருக்கிறார். நம்பிக்கை என்றால் கடைசிவரை கதவைத் திறந்து வைப்பதுதானே?

கேள்விக்குறி:
பனையடி ஐயா, உங்கள் அம்மாவுக்குக் கிடைத்தது என் அக்காவுக்குக் கிடைக்கவில்லை. அவளும் ஜெபித்தாள், உபவாசம் இருந்தாள், வெள்ளிக்கிழமை தவறாமல் கூட்டத்துக்குப் போனாள். ஒன்பது வருடம். இப்போது அவளுக்கு இடது காது கேட்காது. மாறிய அப்பாக்களின் கதையைத்தான் மேடையில் சொல்கிறார்கள். மாறாதவர்களின் மனைவிகளுக்கு மைக் கிடைப்பதில்லை. அதைக் கேட்டு இன்னொரு பெண் இன்னும் பத்து வருடம் அடி வாங்குகிறாள்.

நான் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். முள்வேலிப்பூ அக்கா, கோபப்படாதீர்கள். உங்களைக் காப்பாற்றியது உங்கள் கால். 'நாளைக்கு மாறுவார்' என்ற நம்பிக்கைதான் உங்களைப் பதினோரு வருடம் கட்டிப்போட்டது. பாடுபடுவதே புண்ணியம் என்று சிலுவையைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தது யார்?

முள்வேலிப்பூ:
தம்பி, கோபம் இல்லை. அக்காவை நினைத்துக் கண் கலங்குகிறது.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், என் அடியும் ஒரு சிலுவை என்று. அப்புறம் சுவிசேஷத்தை நானே உட்கார்ந்து முதலிலிருந்து வாசித்தேன். நாசரேத்தில் இயேசுவை மலை உச்சியிலிருந்து தள்ளப் பார்த்தபோது அவர் அவர்கள் நடுவே கடந்து போய்விட்டார். தேவாலயத்தில் கல்லை எடுத்தபோது மறைந்து வெளியே போனார். பவுலைத் தமஸ்குவில் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள். தப்பித்துப் போவது அவிசுவாசம் என்றால் இவர்கள் எல்லாம் யார்? சிலுவைக்கு அவர் தாமாகப் போனார். என்னை யாரோ இழுத்துக்கொண்டு போனார்கள். இந்த வித்தியாசம் புரிய எனக்குப் பத்து வருடம் ஆயிற்று.

பனையடி ஐயா, மல்கியா 2:16-ஐ முழுசாக வாசியுங்கள். 'தள்ளிவிடுதல்' வருகிற அதே வசனத்தில் 'கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறான்' என்றும் வருகிறது. பிரசங்கத்தில் பாதி வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கடலோரக்காற்று:
நான் கன்னியாகுமரிப் பக்கம், கத்தோலிக்கன். எங்கள் திருச்சபையில் விவாகரத்து கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் 1153-ஆவது விதி என்று ஒன்று இருக்கிறது. துணைவராலோ துணைவியாலோ மற்றவருக்கு அல்லது பிள்ளைகளுக்கு உடலுக்கோ மனதுக்கோ பெரும் ஆபத்து என்றால், பிரிந்து போக அது நியாயமான காரணம். ஆயரின் ஆணை பெற்றுப் போகலாம். தாமதித்தால் ஆபத்து என்றால் கேட்காமலே போகலாம். இது எங்கள் பங்கிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்? திருமணத்துக்கு முந்தைய தயாரிப்பு வகுப்பில் நான் கேட்டதே இல்லை.

பனையடி:
தம்பி சொன்ன விதியை நான் தேடிப் பார்த்தேன். அதே விதியில், காரணம் நீங்கிவிட்டால் மறுபடி சேர்ந்து வாழ வேண்டும் என்றும் இருக்கிறதே? நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆபத்து நேரத்தில் ஒதுங்கியிருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 'ஒருபோதும் போக மாட்டேன்' என்று தீர்மானிப்பது வேறு.

கடலோரக்காற்று:
இருக்கிறது ஐயா, திருச்சபை அதிகாரி வேறுவிதமாகத் தீர்மானித்தால் ஒழிய என்று சேர்த்து. ஆனால் காரணம் நீங்கிவிட்டது என்று யார் சொல்வது? அடித்தவரா?

யோசேப்பைப் பாருங்கள். தன்னை விற்ற சகோதரர்களைப் பல வருடம் கழித்துப் பார்த்ததும் அவர் தனியாகப் போய் அழுதார். அன்பு இருந்தது. ஆனாலும் 'நான்தான் யோசேப்பு' என்று உடனே சொல்லவில்லை. கடைசித் தம்பி பென்யமீன் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைத்துப் பார்த்தார். அன்று தம்பியை விற்கலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா, இன்று இன்னொரு தம்பிக்காக 'என்னை அடிமையாக வைத்துக்கொள்ளும்' என்று முன்னால் வந்தான். அதற்குப் பிறகுதான் யோசேப்பு வாயைத் திறந்தார். மனந்திரும்பியது செயலில் தெரியும் வரை காத்திருந்தார். நாமோ ஒரு குடும்பக் கூட்டத்தில் அவன் கண்ணீர் விட்டதும் அன்றைக்கே பெண்ணைப் பெட்டியோடு அனுப்புகிறோம்.

கறுப்புக்கோட்டு:
நான் வழக்கறிஞர். இறையியல் எனக்குத் தெரியாது, தெரிந்ததைச் சொல்கிறேன்.

கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் 1869-இல் வந்தது. அதன்படி அப்போது கணவனுக்கு மனைவியின் விபசாரம் ஒன்றே போதும். மனைவி கேட்டால் கணவனின் விபசாரத்தோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். வெறும் கொடுமை போதாது. இந்தப் பாகுபாட்டைக் கேரள உயர்நீதிமன்றம் 1995-இல் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்றது. 2001-இல்தான் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திக் கொடுமையைத் தனிக் காரணமாக ஏற்றது. 132 வருடம்! ஆக, நம் பாட்டிகள் விசுவாசத்தால் மட்டும் பொறுத்துக்கொண்டிருக்கவில்லை. கொடுமையைச் சொல்லி விவாகரத்து வாங்கி வெளியே வர வாசலே இல்லை. அதைப் பொறுமை என்று புகழ்ந்து பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். எனக்கு அது மிகவும் வருத்தம்.

ஒன்று கவனியுங்கள். அதே 1869 சட்டத்திலேயே கொடுமைக்காக நீதிமன்றப் பிரிவு கேட்க இடம் இருந்தது. திருமணத்தை முறிக்காமல் தனியாக வாழலாம். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் விவாகரத்து கேட்காமலே பாதுகாப்பு ஆணை வாங்கலாம், குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம். 'கோர்ட்டுக்குப் போனாலே குடும்பத்தை உடைப்பது' என்று சபையில் சொல்வது தவறு.

கேள்விக்குறி:
சரி, சட்டம் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, கவுன்சலிங் இருக்கிறது. அப்புறம் கடவுள் எதற்கு? உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன் அக்கா.

நர்ஸம்மா:
அக்கா பதில் சொல்லும் முன் நான் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மனநல வார்டில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். அடிபட்ட பெண்கள் மாத்திரை வேண்டாம் என்பார்கள், 'விசுவாசம் குறைந்துவிட்டதாக ஆகிவிடும்' என்று. வேலூர் சி.எம்.சி.யில் கிறிஸ்தவ மருத்துவர்களே 1950-களில் பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கி, நோயாளியோடு வீட்டு ஆளும் தங்கிப் பார்த்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஊழியம் என்றுதான் செய்தார்கள்.

எலியா தீர்க்கதரிசி சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுத் தூங்கினான். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. தூக்கமும் சோறும் இல்லாமல் வந்து நிற்கிற ஒருத்தியிடம் முதல் கேள்வியாக 'மன்னித்துவிட்டாயா' என்று கேட்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவள் உடம்பு இன்னும் அடி வாங்கிய அந்த அறையிலேயே இருக்கும்.

முள்வேலிப்பூ:
நர்ஸம்மா சொன்னது என் கதைதான். ஒன்றரை வருடம் மாத்திரை சாப்பிட்டேன். இப்போதும் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் கை நடுங்கும்.

தம்பி, கடவுள் எதற்கு என்று கேட்டாய். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். வீட்டை விட்டு வந்த புதிதில் வேதத்தைத் திறக்கவே பிடிக்கவில்லை. கையில் பட்டது 88-ஆம் சங்கீதம். எல்லாச் சங்கீதமும் கடைசியில் ஸ்தோத்திரத்தில் முடியும் என்று நினைத்திருந்தேன். அது இருட்டிலேயே முடிகிறது. ஆறுதல் வரி ஒன்றுகூடக் கடைசியில் இல்லை. இப்படி ஒருவன் அழுததையும் ஜெபம் என்று பரிசுத்த வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார்களே என்று அன்று ரொம்ப நேரம் அழுதேன். அதுவரை என் அழுகை அவருக்குப் பிடிக்காது என்று எண்ணியிருந்தேன்.

இன்னொன்று ஆகார். எஜமாட்டி கடினமாக நடத்தியதால் வனாந்தரத்துக்கு ஓடிய அடிமைப் பெண். வேதத்தில் தேவனுக்கே பெயர் வைத்தவள் அவள், 'நீர் என்னைக் காண்கிற தேவன்' என்று. நான் அடி வாங்கியபோது பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். யாரும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு அடியைவிடப் பெரிய வலி. ஒருவர் பார்த்தார் என்பது சட்டத்திலும் மாத்திரையிலும் எனக்குக் கிடைக்கவில்லை. அவை இரண்டும் எனக்கு வேண்டியிருந்தன, இதுவும் வேண்டியிருந்தது.

என் மகள் இங்கே வந்தும் எட்டு மாதம் புத்தகப் பையைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்கினாள். ராத்திரி ஓட வேண்டி வந்தால் எடுக்க. ஒருநாள் ராத்திரி பார்த்தேன், பை சுவரில் ஆணியில் தொங்கியது. நான் சொல்லவில்லை, அவளாக மாட்டியிருக்கிறாள். சாட்சி சொல்லச் சொன்னால் நான் சொல்ல நினைத்திருந்தது இதைத்தான். இது முழுச் சாட்சி இல்லையா?

கடலோரக்காற்று:
அக்கா, இதையே சொல்லுங்கள். டோனாவூரில் பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுத்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரிடம் 1901-இல் ஒரு சிறுமி இந்துக் கோயிலிலிருந்து தப்பி வந்தபோது, அவர் திருப்பி அனுப்பவில்லை. அதில்தான் அவருடைய அந்த ஊழியம் தொடங்கியது. அதே அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்டார். 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான். எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! உடம்பு குணமாகவில்லை. அவருக்கு விசுவாசம் இல்லை என்று யாராவது சொல்வார்களா? உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளிலும் தழும்பு இருந்ததே.

கேள்விக்குறி:
பை ஆணியில் தொங்கியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. நான் கோயிலுக்குத் திரும்பி வருவேன் என்று சொல்ல மாட்டேன் அக்கா. என் அக்காவை ஒருவரும் பார்க்கவில்லை, பார்த்தவர் இருந்தால் ஏன் தடுக்கவில்லை என்ற கேள்வி எனக்கு அப்படியே இருக்கிறது. ஆனால் உங்கள் பதிவை அவளுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.

முள்வேலிப்பூ:
அந்தக் கேள்வி எனக்கும் இருக்கிறது தம்பி. பதில் தெரிந்த மாதிரி உன்னிடம் பேச மாட்டேன். அக்காவுக்கு என் அன்பைச் சொல்.

பனையடி:
இரண்டு நாள் எதுவும் எழுதவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன். என் அம்மா பொறுத்ததை மட்டும்தான் இத்தனை வருடம் சொல்லி வந்திருக்கிறேன். நாங்கள் நான்கு பிள்ளைகள் அடுப்படியில் ஒளிந்திருந்ததை எங்கும் சொன்னதில்லை. அப்பா மாறியது கர்த்தரின் கிருபை. அம்மா வாங்கிய அடிக்குக் கிடைத்த கூலி என்று அதை இனிமேல் நான் சொல்லக் கூடாது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் ஒரு பெண். கமிட்டியில் பேசி இரண்டு தடவை புருஷன் வீட்டுக்கு அனுப்பினோம். நான்தான் பேசினேன். போன ஞாயிற்றுக்கிழமை முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு வந்தாள். வழக்கறிஞர் அம்மா, நான் என்ன செய்யலாம்?

கறுப்புக்கோட்டு:
ஐயா, முதலில் இருவரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேசாதீர்கள். அவன் முன்னால் அவளால் உண்மை சொல்ல முடியாது. உங்கள் வீட்டம்மா தனியாகப் போய்ப் பேசட்டும். அவள் என்ன விரும்புகிறாள் என்று கேளுங்கள், அவளுக்காக நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். 181 பெண்கள் உதவி எண். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுப்பவர் மேல் வழக்கு வராது, 2005 சட்டத்தின் 4-ஆவது பிரிவு அது. காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். ஆதார், பிள்ளைகளின் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரே பையில் வேறு வீட்டில் இருக்கட்டும். உடனே ஆபத்து என்றால் 112.

முள்வேலிப்பூ:
ஐயா, அவள் உங்களைப் பார்த்தால் முதலில் பயப்படுவாள். இரண்டு தடவை அனுப்பியவர் நீங்கள். 'நான் செய்தது தப்பு' என்று சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள். எங்கள் கமிட்டியிலிருந்து யாரும் என்னிடம் அதைச் சொல்லவில்லை.

பனையடி:
சொல்கிறேன் அம்மா. விவாகரத்தைப் பற்றி என் எண்ணம் மாறவில்லை, அதை இன்னொரு நாள் பேசுவோம். நாளைக் காலை அவன் வேலைக்குப் போன பிறகு என் வீட்டுக்காரியை அனுப்புகிறேன். நான் தெருமுனையில் ஆட்டோவோடு நிற்பேன். எங்கள் வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.