தெட்சணாமூர்த்தி பற்றிய புனைவு ஆவணப்படம்: ஓரிடத்தில் தடக்கி நிக்கிறன், உதவுங்கோ

வணக்கம், முள்ளியவளையில் இருந்து எழுதுறன். தவில்மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியை (1933–1975) வைத்து 20 நிமிடப் புனைவு ஆவணப்படம் எடுக்கிறன். கதை இதுதான்: முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலில் அவர் வாசித்த ஒலிநாடாவைப் போர் இடம்பெயர்வில் துலைச்ச குடும்பம் ஒண்டு தேடுது. நாடாவும் குடும்பமும் கற்பனை. மனுசன் மட்டும் நிசம்.

நாலு மாதத்தில் மூன்று பிரதி எழுதினன். கைபேசியில் எடுத்த சாட்சிக் காட்சியை ஊர்ப் பெரியாக்களுக்குக் காட்டினன். எல்லாரும் நம்பிட்டினம். ஒரு ஐயா, "அண்டைக்கு நானும் நிண்டனான்" எண்டு அழுதார். அதுக்குப் பிறகு எனக்கு நித்திரையில்லை. தொடக்கத்திலேயே 'கற்பனை' எண்டு போட்டால் பாதியில் எழும்பிப் போகினம். கடைசியில் போட்டால், அழுதவையை ஏமாத்தினமாதிரி. எல்லாத்தையும் துலைச்ச சனம் இஞ்ச உண்மையாவே இருக்கு.

வைகாசிப் பொங்கலுக்கு முதல் படப்பிடிப்பு. இது கற்பனை எண்டதைப் படத்தின் எந்த இடத்தில், எப்பிடிச் சொல்லலாம்?