மறு: ‘கீ ஃபார்வர்ட்’ – பட்டியலில் விடுபட்ட உயரக்காரர்களுக்குத் தமிழில் என்ன பெயர்?

> ‘திறவுகோல் முன்கள வீரர்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. நேர்ப்பெயர்ப்புதான், ஆனாலும் புரிகிறதே.

ஆஸ்திரேலியக் கால்பந்தில் கோல் கம்பங்களுக்கு முன்னால் நிற்கும் உயரமான ஆட்டக்காரர்தான் ‘கீ ஃபார்வர்ட்’. அவருக்கு நம் சொற்பட்டியலில் இந்தப் பெயர் வைத்தால் புரியவில்லை ஐயா. மெல்போர்னில் சனிக்கிழமைகளில் என்னோடு மைதானத்துக்கு வரும் மாமனாரிடம் இந்தச் சொல்லைச் சொன்னேன். “எந்தப் பூட்டைத் திறக்கிறார்?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அந்த ஆட்டக்காரர் எதையும் திறப்பதில்லை. அவர் இல்லாவிட்டால் ஆட்டம் உருளாது, அவ்வளவுதான். அதற்கு நம் மொழியில் சாவி உவமை கிடையாது; அச்சாணிதான் உண்டு.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியக் கால்பந்தில் பக்கத்துக்கு 18 பேர், முட்டை வடிவ மைதானம், ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே உதைத்தால் 6 புள்ளி, பக்கத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. 15 மீட்டராவது பறந்து வரும் உதையை ஒருவர் பிறர் கை படாமல் பிடித்துவிட்டால், யாரும் தொந்தரவு செய்யாமல் நின்று உதைக்கும் உரிமை அவருக்குக் கிடைக்கும். அதனால் கோல் கம்பங்களுக்கு முன்னால் இரண்டு மீட்டர் ஆள் ஒருவர் நிற்பார். பந்து உயரமாக அவரை நோக்கி வரும். இரண்டு மூன்று தடுப்பாளர்கள் அவர் தோளில் தொங்குவார்கள். அவர் எம்பிப் பிடிக்க வேண்டும். பிடிக்க முடியாவிட்டாலும் எதிரணி பிடிக்காதபடி பந்தைத் தரையில் விழ வைக்க வேண்டும். விழுந்த பந்தைப் பொறுக்கக் குட்டையான, வேகமான முன்களத்தார் அவர் காலடியில் காத்திருப்பார்கள். பிடித்தாலும் விட்டாலும் எல்லாம் அவரைச் சுற்றித்தான் நடக்கும்.

ஆனால் ‘அச்சாணி முன்கள வீரர்’ என்று வர்ணனையில் பத்து தடவை சொன்னால் நாக்கு களைத்துவிடும். அதனால் நான் முன்வைப்பது நெடுமுனை. முனை என்றால் கோடி. போர்முனையும் அதில் இருக்கிறது. ‘நெடு’ என்பது அந்த இடத்துக்கு வேண்டிய உயரம். இது ஆளின் பெயரல்ல, இடத்தின் பெயர் என்பதைக் கவனியுங்கள். “இன்று நெடுமுனையில் யார்?” என்று கேட்கலாம். ஆளைக் குறிக்க ‘நெடுமுனை வீரர்’ போதும். ‘நெடுமுனையர்’ என்று எழுதினால் முனைவர் பட்டம் நினைவுக்கு வரும் என்று இந்த இழையில் பெர்த் அக்கா சொன்னதை ஏற்கிறேன்.

சரி, இந்த இழை இவ்வளவு நீண்டதற்குக் காரணமான இரண்டாவது சொல்லுக்கு வருகிறேன்.

> திறமை இருந்தும் 18 வயதில் யாரும் எடுக்காமல், பிறகு வந்து கலக்குபவர்களை ‘தாமதமாக மலர்பவர்’ எனலாம்.

இதில் எனக்கு இரண்டு தடை. பூவை வைத்துச் சொல்வது ஆங்கிலத்தின் உவமை என்பது முதல் தடை. நாம் ஒருவரைப் பற்றி அப்படிப் பேசுவதில்லை. இரண்டாவது தடைதான் எனக்கு முக்கியம். அந்தச் சொல் பிழையைப் பையன் தலையில் வைக்கிறது. அவன் தாமதமாக மலர்ந்தான், அதனால் யாரும் பார்க்கவில்லை என்று ஆகிவிடுகிறது. நடந்ததோ பெரும்பாலும் வேறு.

பையன்களைக் கால்பந்துக் கழகங்கள் (கிளப்புகள்) பிரித்துக்கொள்ளும் நாளுக்கு ஆங்கிலத்தில் ‘டிராஃப்ட்’ என்று பெயர். 1986 முதல் நடக்கிறது. கடைசியில் முடித்த அணிக்கு முதல் வாய்ப்பு, பிறகு வரிசையாக. நம் தெருவில் இரண்டு தலைவர்கள் மாறி மாறி ஆள் பிரிப்போமே, அதேதான். அதனால் ‘ஏலம்’ வேண்டாம், ஆள்பிரிப்பு என்றே எழுதுங்கள். சிறுபிள்ளை விளையாட்டுச் சொல் என்று ஒருவர் குறைபட்டிருந்தார். கட்டமைப்பு அச்சாக அதே கட்டமைப்பு. பொருள் இவ்வளவு சரியாகப் பொருந்தும் சொல்லை, வயது குறைவு என்பதற்காக விடக்கூடாது. ஆனால் கடைசிவரை நிற்கும் பையனுக்குத் தெருவில் நாம் வைத்த ‘ஒப்புக்குச் சப்பாணி’யை எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். அது உடற்குறையைச் சொல்லி இழிக்கும் பெயர். இந்த ஆட்களுக்கு நேர்மாறும்கூட.

அந்த நாளில் பையன்களுக்கு வயது 17, 18. உயரமானவர்களின் உடம்பு அப்போது எலும்பும் தோலுமாக இருக்கும். நாளை அவன் மோத வேண்டியதோ 28 வயதில், நூறு கிலோ எடையில் இருக்கும் தடுப்பாளரோடு. நடுக்கள ஓட்டக்காரன் ஒரு ஆட்டத்தில் 25, 30 முறை பந்தைத் தொடுவான். கணக்குத்தாளில் பளிச்சென்று தெரிவான். முனையில் நிற்பவனுக்கு வந்து சேரும் பந்துகள் குறைவு. அவன் அணியின் நடுக்களம் பலவீனமாக இருந்தால் அதுவும் வராது. இன்னொன்றும் உண்டு: இளையோர் அணியில் ஒருவன் உயரமாக இருந்தால் பயிற்சியாளர் பல நேரம் அவனை நடுவில் பந்து தட்ட அனுப்பிவிடுவார், அல்லது தடுப்பில் நிறுத்திவிடுவார். ஆள் தேடி வருபவர் அவனை முனையில் பார்ப்பதே இல்லை.

2016 ஆள்பிரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 73-ஆவது ஆளாக நார்த் மெல்போர்ன் நிக் லார்க்கியை எடுத்தது. 76-ஆவதாக ஹாதோர்ன் எடுத்தது மிட்ச் லூயிஸை. 77-ஆவது ஜேக் வாட்டர்மன், வெஸ்ட் கோஸ்ட். அதுவும் தந்தை ஆடிய கழகம் என்ற முன்னுரிமையில். ஐந்து இடங்களுக்குள் மூன்று நெடுமுனை வீரர்கள், பட்டியலின் வாலில்! லார்க்கி 2023-இல் 71 கோல் அடித்து அந்த ஆண்டின் சிறந்த வீரர்களுக்கான ஆல் ஆஸ்திரேலியன் அணியில் இடம்பிடித்தார். அவருடைய அணி அந்தப் பருவம் முழுவதும் வென்றது மூன்றே ஆட்டம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவ்வளவு குறைவாகப் பந்து வந்தும் 71. மறு ஆண்டு அதே அணிக்கு வாட்டர்மன் தேர்வானார். இவர்கள் மலர்வதற்குத் தாமதமானது உண்மைதான். ஆனால் இவர்களுக்கு முன்னால் எழுபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் வாசிக்கப்பட்டது பார்த்தவர்களின் கணக்கு.

> எங்கள் தோப்பில் நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம். குட்டை ரகம் மூன்று நான்கில் காய்க்கும். நெட்டைக்கு ஆயுசு அதிகம். ‘பின்காய்ப்பு’ என்று வையுங்கள்.

பொள்ளாச்சி அண்ணா, இந்த மடலைப் படித்து உண்மையிலேயே மகிழ்ந்தேன். தென்னையில் நீங்கள் சொன்னது அப்படியே பொருந்துகிறது. நடுக்களப் பையனை எடுத்தால் ஓரிரு வருடத்தில் பலன் தெரியும். நெடுமுனைக்கு ஆள் எடுத்தால் நான்கு, ஐந்து, சில நேரம் ஆறு பருவம் பொறுக்க வேண்டும். அதற்குள் எடுத்த பயிற்சியாளரே மாறிவிடலாம். பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று சொல்வார்களே, அந்தப் பயம்தான் கழகங்களுக்கு. ஆகவே ஒரு வீரர் முதிர எடுக்கும் காலத்தைப் பேசும்போது ‘பின்காய்ப்பு’ என்று எழுதுவோம். “நெடுமுனை வீரர்கள் பின்காய்ப்பு ரகம்” என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம்.

ஆனால் யாரும் எடுக்காமல் போனதற்கு அது போதாது. அதற்கு நான் முன்வைப்பது விடுபட்டவர்.

“வாக்காளர் பட்டியலில் என் பெயர் விடுபட்டுவிட்டது” என்கிறோம். குடும்ப அட்டையில், கல்யாணப் பத்திரிகையில், எங்கே இந்தச் சொல் வந்தாலும் கேட்பவர் பட்டியலைப் போட்டவரைத்தான் பார்ப்பார்; பெயருக்குரியவரைக் குறை சொல்ல மாட்டார். ‘தேர்வாகாதவர்’ பரீட்சையில் தோற்றவர் மாதிரி. ‘ஒதுக்கப்பட்டவர்’ வேறு பெரிய துயரங்களுக்கு உரிய சொல், அதை இங்கே செலவழிக்க வேண்டாம். ‘கழிக்கப்பட்டவர்’ என்றால் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தள்ளியதாகிவிடும். ‘விடுபட்டவர்’ ஒன்றுதான் கண்ணில் படாமல் போனதைச் சொல்கிறது.

பென் பிரவுன் இதற்குச் சரியான ஆள். டாஸ்மேனியாக்காரர், 200 சென்டிமீட்டர். முழங்கால் தசைநார் அறுந்து பையன் பருவத்தில் ஆட்டம் தடைப்பட்டது. 18 வயதில் எந்தக் கழகமும் எடுக்கவில்லை. 2013-இல் விக்டோரிய மாநில லீக்கில் வெரிபிக்கு ஆடி, அந்த ஆண்டு இறுதியில் 47-ஆவது ஆளாக நார்த் மெல்போர்ன் போனார். அப்போது 21 வயது. 2017, 2018, 2019 என்று தொடர்ந்து மூன்று பருவங்கள் அறுபது கோலுக்கு மேல். 2019-இல் போர்ட் அடிலெய்டுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் பத்து. பிறகு மெல்போர்ன் கழகத்துக்கு மாறி 2021-இல் கோப்பையும் கையில் வந்தது. அந்தக் கழகம் 57 ஆண்டுகள் காத்திருந்த கோப்பை.

ஜேம்ஸ் போட்சியாட்லியை இதே சொல்லில் அடக்க முடியாது. அவர் எசென்டன், காலிங்வுட் இரண்டின் பட்டியலிலும் இருந்து, ஒரு முதல்நிலை ஆட்டம்கூடக் கிடைக்காமல் வெளியே வந்தவர். அவர் விடுவிக்கப்பட்டவர். ஜீலாங் அவரை எடுத்து 2010-இல் களமிறக்கியபோது வயது 28. மறு ஆண்டு இறுதிப் போட்டியில் ஆடினார். பாதி ஆட்டத்துக்குள் தோள் இறங்கி வெளியேற வேண்டியிருந்தது, ஆனாலும் ஜீலாங் வென்றது. எதிரில் நின்றது முன்பு அவரை விடுவித்த காலிங்வுட். விடுபட்டவருக்கும் விடுவிக்கப்பட்டவருக்கும் நான்கெழுத்துதான் வேறுபாடு, வாழ்க்கையில் அது பெரிய வேறுபாடு. ஆகவே பிழைதிருத்துபவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

மேசன் காக்ஸ் மூன்றாவது வகை. டெக்ஸஸ்காரர், 211 சென்டிமீட்டர், ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காகக் கூடைப்பந்து ஆடியவர். 2014-இல் காலிங்வுட் சேர்த்தபோது இந்த ஆட்டமே அவருக்குப் புதிது. 2016 ஆன்சாக் தினத்தில் (போர் நினைவு நாள்) முதல் ஆட்டம், முதல் உதையே கோல். 2023-இல் கோப்பை வென்ற அணியில் இருந்தார். இவர் இந்த ஆட்டத்துக்குள் வந்தது விடுபட்டவராகவும் அல்ல, விடுவிக்கப்பட்டவராகவும் அல்ல. வேறு ஆட்டத்திலிருந்து வந்தவர். ‘வேற்றாட்ட வரவு’ என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்.

*

மறு: மறு: ‘கீ ஃபார்வர்ட்’ – பட்டியலில் விடுபட்ட உயரக்காரர்களுக்குத் தமிழில் என்ன பெயர்?

இரண்டு நாளில் வந்த மறுமொழிகளில் ஒன்று என் முன்மொழிவின் ஓட்டையைச் சரியாகப் பிடித்துவிட்டது.

> தம்பி, விடுபட்டவரை ஒரு கழகம் எடுத்துவிட்டால் அவர் விடுபட்டவர் இல்லையே? அந்தச் செயலுக்கல்லவா பெயர் வேண்டும்?

ஆமாம் ஐயா. நான் ஆளுக்கே பெயர் தேடிக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்திலும் செய்தி எப்போதும் செயலைப் பற்றித்தான்: இவரை இந்தக் கழகம் கண்டுபிடித்து எடுத்தது என்று. விடை நான் எழுதிய மடலிலேயே இருக்கிறது. வாக்காளர் பட்டியலுக்கு ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டு விடுபட்டவர்களைச் சேர்ப்பார்கள். அதையே எடுத்துக்கொள்வோம்: விடுபட்டோர் சேர்ப்பு. தேசிய லீக்கே இதற்கென்று வாசல்கள் திறந்து வைத்திருக்கிறது. 2019-இல் மீண்டும் வந்த பருவ நடு ஆள்பிரிப்பு ஒன்று, பருவத்துக்கு முந்திய கூடுதல் சேர்க்கை இன்னொன்று. “நெடுமுனைக்கு விடுபட்டோர் சேர்ப்பில் வந்தவர்” என்று எழுதிப் பார்த்தேன். நீளம்தான், ஆனால் மாமனாருக்கு ஒரே தடவையில் புரிந்தது. “யாரோ பட்டியலை ஒழுங்காகப் பார்க்கவில்லை போலிருக்கிறது” என்றார். அந்தப் பொருள் சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்றுதான் நான் இத்தனை மடல் எழுதினேன்.

வயது கூடிய பின் எடுக்கப்படுபவர்களுக்கு ‘முதிர்தெரிவு’ வேண்டாம் என்ற பெர்த் அக்காவின் மறுப்பை முழுமையாக ஏற்கிறேன். ‘முதிர்கன்னி’ என்று சொல்லிப் பெண்களைக் காயப்படுத்திய வழக்கு அந்த முன்னொட்டில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலும் 21 வயதுப் பிரவுனை முதிர்ந்தவர் என்பது எந்தக் கணக்கிலும் சேராது. ‘பின்தெரிவு’ என்று போடுகிறேன். லார்க்கி போலப் பட்டியலின் கடைசியில் வருவதற்கு ‘ஈற்றுத்தெரிவு’. ‘கடைத்தெரிவு’ என்று இருவர் எழுதியிருந்தீர்கள். கடை என்றால் கீழானது என்றும் படிக்கலாம் என்பதால் தவிர்க்கிறேன். ஈறு என்பது வெறும் முடிவு.

‘வேற்றாட்ட வரவு’க்கு மாற்று எதுவும் வரவில்லை. அப்புறம், உயரப் பந்தை எம்பிப் பிடிப்பதற்கு ஒருவர் சொன்ன ‘வான்பிடி’ அழகாக இருக்கிறது, ஆனால் தடுப்பாளரின் தோளில் முழங்காலை ஊன்றி ஏறிப் பிடிப்பதை அது காட்டவில்லை. ‘ஏறிப்பிடி’ என்று வைத்தால் அந்த ஏற்றம் வந்துவிடுகிறது. கபடிக்காரர்கள் பிடி என்ற சொல்லில் உரிமை கொண்டாடுவார்களா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெடுமுனை, ஆள்பிரிப்பு, பின்காய்ப்பு, விடுபட்டோர் சேர்ப்பு நான்கையும் இன்று இரவு சொற்பட்டியலில் ஏற்றுகிறேன். நடுவில் நின்று பந்து தட்டும் ரக்மேனுக்குத் தனி இழை தொடங்குவோம். அங்கே பொள்ளாச்சி அண்ணா முதலில் எழுத வேண்டும்.