1988 ஆறாம் ஆண்டு வகுப்பு: நினைவு மலருக்கு உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் 1988-இல் ஆறாம் ஆண்டை முடித்த பத்தொன்பது பேரில் நானும் ஒருவன். தொடக்கப்பள்ளியின் இறுதியில், ஆறாம் ஆண்டில் எழுதும் யூ.பி.எஸ்.ஆர். என்ற அரசுத் தேர்வு அந்த ஆண்டில்தான் முதன்முதலாக நடத்தப்பட்டது என்பதால், பழைய வினாத்தாள் கேட்டு வாங்க எங்களுக்கு முன்னே அண்ணன், அக்காமார் எவரும் இருக்கவில்லை. 2021-இல் அத்தேர்வே அகற்றப்பட்டுவிட்டது. எங்கள் பள்ளிக் காலத்தையாவது ஒரு சிறு மலராகத் தொகுத்து வைக்க விரும்புகிறோம்.

ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது தொழிலாளர் குடியிருந்த லயங்கள் (வரிசை வீடுகள்) காலியாகி, குடும்பங்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் எனச் சிதறியதால், இதுவரை ஒன்பது பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்துள்ளது. மற்றவர்களை முகநூலில் தேடவும் வழியில்லை. தோட்டத் தொழிலாளர்கள் காலையில் வேலைக்கு முன் கூடும் பெரட்டுக் களத்தில் பந்தடித்த நாள்களில் பட்டப்பெயரால் மட்டுமே அழைத்துக்கொண்டோம், பதிவேட்டுப் பெயர் யாருக்கு நினைவிருக்கிறது?

கையில் இருக்கும் ஒரே வகுப்புப் படம், பசைப் பக்கங்கள் கொண்ட பழைய ஆல்பத்தில் இறுக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கிழியாமல் பிரித்தெடுக்க முடியுமா, அல்லது பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்வது நல்லதா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். அக்காலத்து விளையாட்டுப் போட்டி, கலைநிகழ்ச்சிப் படங்கள் யாரிடமேனும் இருந்தால், மங்கலாக இருப்பினும் அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நண்பர்களின் தொலைபேசி எண்களைப் பொதுவில் பதிவிடாமல் எனக்குத் தனிச்செய்தியாக அனுப்புங்கள்.