கெக்கோ அறையில் இரண்டு வகைச் சிலந்தி: என்ன இனம், மருந்து அடிக்கலாமா?

கேள்வி:
சிறுத்தைக் கெக்கோ (வளர்ப்புப் பல்லி) பெட்டிகள் உள்ள அறை. கூரை மூலையில் ஒன்று: மயிரிழை மாதிரி நீளமான கால்கள், உடல் 8 மி.மீ. இருக்கும், வலையைத் தொட்டால் கிடுகிடுவென்று ஆடுகிறது. பெட்டி அடுக்குக்குப் பின்னால் வேறொன்று: பழுப்பு நிறம், உருண்டை வயிறு, தாறுமாறான வலை, அதில் இரண்டு முட்டைப்பைகள்.

பதில் 1:
முதலாவது ஃபோல்கஸ் என்ற நீள்கால் சிலந்தி வகை. அந்த ஆட்டமே போதும் அடையாளத்துக்கு. பெண் சிலந்தி முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டு திரியும். ஆபத்தில்லை, விட்டுவிடுங்கள். மற்ற சிலந்திகளையும் பிடித்துத் தின்னும்.

கவனிக்க வேண்டியது இரண்டாவதை. நிறத்தையோ கால் பட்டைகளையோ நம்பாதீர்கள். ஆபத்தில்லாத வீட்டு ஒட்டடைச் சிலந்தி, நஞ்சுள்ள பழுப்பு விதவைச் சிலந்தி இரண்டுக்குமே அவை உண்டு. முட்டைப்பையைப் பாருங்கள். காகிதம் போன்ற பழுப்பு உறை, மழமழவென்று துளி வடிவில் இருந்தால் ஒட்டடைச் சிலந்தி. உருண்டையான பை முழுக்க நெருஞ்சிமுள் மாதிரி முட்கள் குத்திட்டு நின்றால் பழுப்பு விதவை. உறுதி செய்ய, கண்ணாடி டம்ளரால் மூடி அடியில் அட்டையைச் செருகுங்கள். வயிற்றின் அடிப்பக்கத்தில் உடுக்கை வடிவ ஆரஞ்சு அல்லது சிவப்புக் குறி தெரிகிறதா?

கேள்வி கேட்டவர்:
முட்டைப்பையில் முள் இருக்கிறது. ஸ்பிரே அடிக்கவா?

பதில் 2:
வேண்டவே வேண்டாம்! பைரித்ராய்டு (பூச்சிக்கொல்லி) ஸ்பிரே ஊர்வனவற்றுக்கு நஞ்சு; தீனிப் பூச்சிகளும் சாகும், மருந்து பட்டதைத் தின்றால் கெக்கோவுக்கும் ஆபத்து. ஒட்டுப் பொறியும் வேண்டாம், தப்பி வந்த கெக்கோ அதில் ஒட்டினால் தோல் பிய்ந்துவிடும்.

தடித்த கையுறை போட்டு, பெட்டிகளை முதலில் வேறிடம் நகர்த்துங்கள். முட்டைப்பையை மூடியுள்ள டப்பாவில் போட்டு உறைபெட்டியில் 48 மணி நேரம் வையுங்கள். ஒரு பையிலேயே நூற்றுக்கு மேல் முட்டை இருக்கலாம், அதனால் ஒன்றைக்கூட விடாதீர்கள். அடுக்கின் அடிவிளிம்பு, வெப்பக் கம்பி போகும் இடுக்கு இரண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

பதில் 1:
சிலந்தி தங்குவதற்குக் காரணம், தீனியாகப் போட்டதில் தப்பி ஓடும் சுவர்க்கோழிகள். தின்னாமல் மிஞ்சியவற்றை அன்றிரவே எடுத்துவிடுங்கள். விட்டால் அந்தச் சுவர்க்கோழிகள் தூங்கும் கெக்கோவையும் கடிக்கும். பெட்டிக்குள் ஒரு விதவைச் சிலந்தி விழுந்தால் கெக்கோ அதைக் கவ்வத்தான் பார்க்கும், ஆகவே காற்றோட்ட ஓட்டைகளில் நுண்வலை ஒட்டுங்கள்.