‘சாவரின் ஸ்பிரெட்’ – வட்டிமிகை எனலாமா?

> ‘ஸ்பிரெட்’டுக்குப் ‘பரவல்’ போதுமே. புள்ளியியலில் ஏற்கெனவே புழங்குகிறது.

வணக்கம் ஐயா. நாடுகள் வாங்கும் கடனின் வட்டி வித்தியாசத்தைக் குறிக்கும் ‘சாவரின் ஸ்பிரெட்’ (sovereign spread) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். ‘பரவல்’ புழங்குவதால்தான் வேண்டாம் என்கிறேன். அங்கே அது தரவு சிதறிக் கிடப்பதைக் குறிக்கிறது. கடன் சந்தையில் எதுவும் சிதறுவதில்லை. அமெரிக்க அரசைவிட எவ்வளவு கூடுதலாக வட்டி கொடுத்தால் ஒரு நாட்டுக்குக் கடன் கிடைக்கும் என்பதுதான் இங்கே கணக்கு.

கென்யாவைப் பாருங்கள். 2014இல் 6.875 சதவீத வட்டிக்கு வாங்கிய 200 கோடி டாலர் கடன், 2024 ஜூனில் முதிர இருந்தது. அதை அடைப்பதற்காகப் பிப்ரவரியில் 150 கோடி டாலருக்கு ஏழாண்டுக் கடன்பத்திரம் வெளியிட்டார்கள். பத்திரத்தில் குறித்த வட்டி 9.75, முகமதிப்புக்குக் கீழே விற்றதால் உண்மையில் தலையில் விழுந்தது 10.375. அதே நாட்களில் அமெரிக்க அரசு ஏழாண்டுக் கடனைச் சுமார் 4 சதவீதத்துக்கு வாங்கிக்கொண்டிருந்தது. நடுவிலுள்ள 6 சதவீதப் புள்ளிக்குத்தான் பெயர் தேடுகிறோம். ‘வட்டிமிகை’ என்பது என் முன்மொழிவு.

வளர்ந்த நாடுகளுக்கும் பொருந்தும். 2011 நவம்பரில் இத்தாலியின் பத்தாண்டு வட்டி 7 சதவீதத்தைத் தாண்டியது. யூரோ நாடுகளுக்கு அளவுகோலான ஜெர்மனிக்கு மேல் 5 சதவீதப் புள்ளிக்கும் அதிகமான வட்டிமிகை. இரு நாட்டுக்கும் நாணயம் ஒன்றே. ஆகவே கடன் திரும்பாதோ, யூரோவே உடையுமோ என்ற அச்சத்தின் விலை அது.

> கந்துவட்டி போல ஒலிக்கிறதே!

கென்யத் தலைநகர் நைரோபியில் கேட்டால் மறுக்கமாட்டார்கள். ஆனால் ‘மிகைவட்டி’ என்று திருப்பிப் போட்டால்தான் அந்தச் சாயல் வரும். மொத்த வட்டியும் அநியாயம் என்றாகிவிடும். ‘வட்டிமிகை’ கூடுதல் பகுதியை மட்டும் சுட்டுகிறது.

ஓர் இடத்தில் இது ஒத்துவராது. அமெரிக்காவின் ஈராண்டு வட்டி, 2023 முழுவதும் பத்தாண்டு வட்டிக்கு மேலேயே நின்றது. அங்கே பத்தாண்டின் ‘மிகை’ சுழிக்குக் கீழே போய்விடும். ‘வட்டி இடைவெளி’ என்றே எழுதலாம்.

பத்திரத்தை வாங்கிய விலையின் மேல் கிடைக்கும் வருமான வீதமான ‘ஈல்டு’க்கு (yield) மெனக்கெட வேண்டியதில்லை. இலங்கை மத்திய வங்கி ‘விளைவு வீதம்’ என்று எழுதுகிறது, எடுத்துக்கொள்வோம். ‘சாவரின்’தான் இழுபறி: ‘அரசு’ என்றால் மாநில அரசின் கடனும் உள்ளே வந்துவிடுகிறது, ‘இறையாண்மை’ பத்திரத்துக்கு அளவுக்கு மீறிய அலங்காரம். ‘நாட்டுக்கடன் வட்டிமிகை’ என்று பதியலாமா? மறுப்புள்ளவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள்.